அடிச்சட்டத்தில் இருந்த எண்

இக்கட்டுரையில் நான் கண்ணால் கண்டவையும், உரியவரிடம் இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டவையும் மட்டுமே இடம்பெறும். கப்பலில் உடன்வந்தோர் சொன்ன கதைகளையும், மலாக்காவின் பழமையைப் பற்றி அவ்வூரார் ஆளுக்கொரு விதமாகக் கூறியவற்றையும் விலக்கிவிட்டேன். பயணக் கட்டுரைக்கு இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சரிபாராத ஒரு வாக்கியத்தை நான் எழுதிக் கொடுத்தேன். அதனால் என் தம்பி, திருட்டு வண்டி வைத்திருந்தவன் என்று காவலர் முன் நிற்கும் நிலை வந்தது. அன்றுமுதல் எனக்கு இந்தப் பழக்கம்.

மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு, கோடை விடுமுறையில், தம்பி சோமசுந்தரத்தின் கடிதம் கண்டு புறப்பட்டேன். அவன் போருக்கு முன்பே அங்குப் போனவன். மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறான். "ஒரு காடி கட்டியிருக்கேன், அண்ணே. கனடாவுக்குப் போகுது. அதுக்கு இங்கிலீஷுல ஒரு சத்தியக் கடுதாசி வேணும். காசுக்கு எழுதுறவங்ககிட்ட இதைக் குடுக்க மனசில்ல" என்று எழுதியிருந்தான். நான் தமிழாசிரியன், ஆங்கிலத்திலும் பட்டத்தேர்வு எழுதியவன். இரு மொழியிலும் குறையின்றி எழுதுவேன் என்னும் எண்ணம் எனக்கு உண்டு. அந்த எண்ணத்தையும் மூட்டையில் வைத்துக்கொண்டுதான் கப்பலேறினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மலாக்காவுக்குச் சில கல் தொலைவில், பேருந்தை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். காட்டில் இருக்கும் கலகக்காரர்களுக்கு யாரேனும் உணவு கொண்டுபோகிறார்களா என்று பார்க்கும் சோதனை; இக்கலகக் காலத்தை அங்கே எமர்ஜென்சி என்கிறார்கள். என் மூட்டையில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு மலாய்க் காவலர் திறந்து, முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெண்ணொருத்தி, "அதைத் தின்னா கலகக்காரனே சரணடைஞ்சிருவான்னு சொல்லுங்க" என்றாள். காவலருக்குப் புரியவில்லை, பேருந்தே சிரித்தது. எனினும் துப்பாக்கியின் நிழலில் நின்றுகொண்டு சிரிப்பது நம் ஊரில் எனக்குப் பழக்கமில்லாத செயல்.

நிலையத்தில் சோமு காத்திருந்தான். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் காண்கிறேன். காலில் விழுந்து எழுந்தவன் முதலில் கேட்டது, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்பதே. பசியாறுதல் என்னும் அருமையான சொல்லை இங்குள்ள தமிழர் நாள்தோறும் வழங்குகின்றனர். நாமோ 'டிபன்' உண்கிறோம். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே அவன் சாலையைச் 'சடக்கு' என்றான்; வண்டியைக் 'காடி' என்றான். திருத்தவில்லை. திருத்தத் தொடங்கினால் நான் தங்கும் ஆறு நாளும் அதற்கே போதாது.

திங்கட்கிழமை காலை வண்டியைக் கண்டேன்.

பட்டறையின் தகரக் கூரைக்கடியில், எண்ணெய்க் கறை படிந்த மண்தரையில், அது பச்சை நிறத்தில் பளபளத்தது. இருவர் மட்டும் அமரும் திறந்த வண்டி. நீண்ட மூக்கு, கம்பி ஆரங்கள் வைத்த சக்கரங்கள், எந்திர மூடியின் குறுக்கே தோல்வார். போருக்கு முன் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் இத்தகைய பந்தய வண்டி இருந்ததாம். தொழில் பழகிய நாளில் சோமு அதற்கு எண்ணெய் மாற்றியிருக்கிறான். இப்போது ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவர், தாம் இளமையில் ஓட்டிய வண்டியும் அதே வகைதான் என்று சொல்லி, ஒரு பழைய படத்தைக் கொடுத்திருக்கிறார். அந்தப் படத்தையும் தன் நினைவையும் வைத்துக்கொண்டு சோமு இந்த நகலை உருவாக்கியிருக்கிறான். எந்திரம் அண்மையில் விபத்துக்குள்ளான வேறொரு வண்டியினுடையது. அதற்குரிய தாள்கள் முறையாக இருந்தன. அடிச்சட்டம், அதாவது மற்ற எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டம், ஒரு பழைய நான்குபேர் வண்டியிலிருந்து எடுத்துக் குறுக்கப்பட்டது. உடல் முழுவதும் தகட்டிலிருந்து கையால் தட்டியெடுத்தது.

தட்டியவர் பிள்ளை. சோமு அவரை மலாயில் 'அபாங்' என்பான்; அண்ணன் என்று பொருள். காஜா பேராங்கில் பல தலைமுறையாக வாழும் செட்டி மக்களுள் ஒருவர். நெற்றியில் நீறு; வெள்ளிதோறும் கோயில்; பெயரோ முழுத்தமிழ். ஆனால் பேசுவது மலாய். சாமி, பூசை, பொங்கல் முதலிய சில சொற்களுக்கு மேல் தமிழ் அறியார். என்னை ஆசிரியர் என்றறிந்ததும் 'சேகு' என்று அழைக்கத் தொடங்கினார்; மலாயில் ஆசிரியரை அவ்வாறு அழைப்பர். தமிழறியாத் தமிழரா என்று நான் சோமுவிடம் குறைப்பட்டதை அவர் குரலிலிருந்தே உணர்ந்துகொண்டார் போலும். "உன் அண்ணன் என் வாயைப் பார்க்கிறார். என் கையைப் பார்க்கச் சொல்" என்றாராம். சோமு மொழிபெயர்த்தான். கையைப் பார்த்தேன். அந்த வளைவுகளில் சுத்தியலின் தடம் ஒன்றுகூட இல்லை.

நண்பகலில் அவர் வீட்டிலிருந்து சோறும் கீரையும் வந்தன. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு மணத்தது. கீரையை எடுக்கப் போனேன். சோமு கையைப் பிடித்தான்.

"அண்ணே, அதுல பெலாச்சான் இருக்கு. எறாலை அரைச்சுக் காயவச்சது."

"இறாலைக் காணவில்லையே."

பிள்ளை இதைக் கேட்டறிந்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "சேகு கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று கணக்கா? அப்படியென்றால் சாப்பிடட்டும்." சைவனாகிய நான் வெறுஞ்சோற்றை ஊறுகாயுடன் உண்டேன். நம்மூர்க் கீரையில் கீரை மட்டுமே இருக்கும் என்று அன்று எண்ணிக்கொண்டது உண்மை.

மாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சோமுவின் பக்கத்தில் நான். காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தெருவில், பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் பள்ளிவாசலை அடையுமுன் எந்திரம் இருமி நின்றது. தொழுகைக்கு வந்தவர் இருவரும், கோயிலிலிருந்து திருநீற்றோடு வந்த ஒருவரும் சேர்ந்து தள்ளினார்கள். "எங்க போகுது இது?" என்றார் தள்ளியவர்களுள் ஒரு கடைக்காரர். "கனடாவுக்கு" என்றான் சோமு. "தள்ளிக்கிட்டேவா?" என்றார் அவர். எண்ணெய்க் குழாயில் அடைப்பு, ஊதியதும் சரியாயிற்று. திரும்பும் வழியெல்லாம் சோமு தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தான். பதினெட்டு ஆண்டுகளில் அவன் தனக்கென்று விரும்பிச் செய்த வேலை இது ஒன்றுதான் என்று அவன் மனைவி தனம் பிறகு சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை என் வேலை தொடங்கிற்று. துரை பணி முடிந்து கனடாவில் இருக்கும் தம் தமக்கையிடம் போகிறார். வண்டியைக் காட்சிக்கு வைக்க அல்ல, அந்நாட்டுச் சாலையில் ஓட்டவே கொண்டுபோகிறார். கனடாவின் சட்டம் என்ன கூறுகிறது என்பதை நான் படித்ததில்லை. அங்கிருந்து துரைக்கு வந்த கடிதத்தை மட்டும் படித்தேன். வண்டியைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார், எந்த அடிச்சட்டத்தின்மேல், அதன் எண் யாது என்பவற்றைச் செய்தவரே உறுதிமொழியாகத் தரவேண்டும் என்றிருந்தது. பெயர்பெற்ற ஆலையில் செய்த வண்டி போன்ற தோற்றமிருப்பதால், நகல் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும் என்றும் இருந்தது. சனிக்கிழமை சிங்கப்பூரில் கப்பல். வெள்ளிக்கிழமை காலை வண்டி மலாக்காவை விட்டுப் புறப்பட வேண்டும்.

எழுதினேன். நகல் என்பதை மறைக்காமல், ஆனால் மதிப்புக் குறையாமல் எழுதுவதில் மகிழ்ச்சி இருந்தது. அடிச்சட்டத்துக்கு வந்தபோது, சோமு ஒரு மங்கிய பதிவட்டையை நீட்டினான். போர் முடிந்ததும், பழைய உதிரிச் சாமான் விற்ற ஒரு மரைக்காயரிடம் அந்தப் பழைய வண்டியை வாங்கியபோது உடன் கிடைத்தது. எண் அதில் இருந்தது. நான் இவ்வாறு அமைத்தேன்: "சட்டத்தின் முன்புறத்தில் பொறிக்கப்பெற்றுள்ள இவ்வெண்ணை நான் நேரில் கண்டு உறுதிசெய்துள்ளேன்."

படித்துக் காட்டியபோது சோமு தயங்கினான். "நேர்ல கண்டேன்னு வேணுமா? கார்டுல இருக்குன்னு போட்டா போதாதா?"

"அட்டையில் இருக்கிறது என்றால் வாக்கியத்துக்கு வலுவில்லை. வேறு எண் எங்கிருந்து வரும்?"

"வராது. இருந்தாலும்…"

"அப்படியானால் இருக்கட்டும்."

இந்த உரையாடலை மறந்துவிட்டேன் என்று எழுத எனக்கு வழியில்லை. சொற்கள் இவைதாம். தோட்டத்து எழுத்தராகிய அந்தோணி கிராணி அதைத் தட்டச்சு செய்தார். மலாக்காவின் பண்டார் ஹிலிர் பகுதியில், வண்டிகளைப் பதியும் அலுவலர் முன் சோமு வலக்கையை உயர்த்தி உறுதி கூறிக் கையொப்பமிட்டான். அலுவலர் ஒரு மலாய்க்காரர். அந்த நாற்காலியில் முன்பு ஆங்கிலேயர் இருந்தாராம். தாளை இருமுறை படித்தார். "நல்ல ஆங்கிலம்" என்றார். நான் அதை எனக்கென்று வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை, கிராணி மிதிவண்டியில் மூச்சிரைக்க வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் கப்பல் முகவர் புதிதாக ஒன்று கேட்கிறாராம். அடிச்சட்டத்தின் எண்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த அச்சை உறுதிமொழியோடு இணைக்கவேண்டும். "அஞ்சு நிமிச வேல லா" என்றார்.

சோமு மூடியைத் திறந்து குனிந்து, தாளை வைத்துத் தேய்த்தான். தாளில் எதுவும் விழவில்லை. வழவழப்பான மேடு மட்டும் தெரிந்தது. அப்போதுதான் அவன் முகம் மாறியதைக் கண்டேன்.

காரணத்தைக் கூறவேண்டும். சப்பானியர் போன பிறகு பட்டறையைத் திறந்தபோது அங்கே கருவிகளே இல்லையாம்; எல்லாவற்றையும் அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். முதல் ஆயுத பூசைக்கு வைத்துப் படைக்க ஒரு திருப்புளிகூட இல்லாமல், சுவரில் சாய்த்திருந்த இந்தச் சட்டத்தையே நிறுத்திப் பொட்டிட்டுக் கும்பிட்டார்கள். அதன்பின் பட்டறையில் கருவிகள் நிறைந்தன. அந்தச் சட்டமே ஆண்டுதோறும் பூசையின் நடுவில் நின்றது. முன்முனையில் சந்தனமும் குங்குமமும் வைத்த இடத்தைக் கழுவுவது கூடாது என்பது பிள்ளையின் முறை. அடுத்த ஆண்டு அதன்மேல் ஒரு பூச்சு பூசி, புதிய பொட்டு வைப்பார். அவ்வாறு பன்னிரண்டு பூசைகள். எண் பொறித்த இடமும் பொட்டு வைத்த இடமும் ஒன்றே. சட்டத்தைக் குறுக்கி வண்டியாக்கியபோதும் அவ்விடத்தைச் சுரண்டாமல், மேலே பச்சை வண்ணம் அடித்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த எண்ணை எவரும் கண்டதில்லை. வாங்கிய நாளில் நீ கண்டாயா என்று சோமுவைக் கேட்டேன். "கார்டு இருந்துச்சே" என்றான்.

சுரண்ட வேண்டும் என்றபோது பிள்ளை கையைக் கட்டிக்கொண்டார். பேச்சு நீண்டது, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பின் அவரே உள்ளே போய் முகம் கழுவி, நீறணிந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சட்டத்தின் இருபுறமும் வைத்துவிட்டுச் சுரண்டியை எடுத்தார். வேறு எவரையும் தொடவிடவில்லை. பச்சை போயிற்று. அடியில் சிவப்பு, அதனடியில் மஞ்சள் கலந்த பழுப்பு, மீண்டும் சிவப்பு. உரிந்த சிம்புகளைக் கீழே விழவிடாமல் வாழையிலையில் சேர்த்தார். இறுதியில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு விலகி நின்றார்.

எண் இருந்தது. தெளிவாகவே இருந்தது. அட்டையில் இருந்த எண் அதுவன்று. முதல் இலக்கமே வேறு.

சோமு அட்டையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு தரையில் அமர்ந்துவிட்டான். "போர்ல எவனோ ஒருத்தன் ஒரு காடியோட பாடிய இன்னொரு சேசிஸ் மேல தூக்கி வச்சிருக்கான். நான் வாங்குனது ஒண்ணு. கார்டு வேற ஒண்ணு." மரைக்காயரைக் கேட்கலாமே என்றேன். அவர் நாகூருக்குத் திரும்பி இறந்துவிட்டார்.

இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. உரியவர் யார் என்றே தெரியாத ஒரு வண்டியின் சட்டம் என் தம்பியின் பட்டறையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறது. அதன்மேல் வேறோர் எண்ணை நேரில் கண்டதாக அவன் முந்தைய நாள் கையை உயர்த்தி உறுதி கூறியிருக்கிறான்.

கிராணி ஒருவரே பதறவில்லை. "இதுல என்ன இருக்கு? கிரைண்டர்ல நம்பர எடுத்துருங்க. பஞ்ச் செட்டு வச்சு கார்டு நம்பர அடிங்க. பத்து நிமிசம். அப்புறம் பேப்பர வச்சு உரசிக் குடுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேன், கிராணி" என்றான் சோமு.

"அதான் சொல்றேன். சத்தியத்த நிசமாக்கணும்னா நம்பரத்தான் மாத்தணும். கடுதாசிய மாத்தப் போனீங்கன்னா மாத்தா-மாத்தா வந்து நிக்கும்." காவலரை அவ்வூரில் அப்படிச் சொல்கிறார்கள். "எமர்ஜென்சி நேரம். தெரியாத காடிய வச்சிருந்தவன எவன் நம்புவான்? பட்டறைய மூடிட்டு உள்ள போய் உக்காருவீங்களா?"

தவறு என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. அவர் கூறியதில் ஓர் ஒழுங்கு இருந்தது. என் வாக்கியத்துக்கு ஏற்றவாறு இரும்பைத் திருத்தச் சொன்னார்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றான் சோமு. பிறகு, மெதுவாக, "அந்த வரி வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை தனம் பலகாரத்தை வைத்துவிட்டு, "மாமா, அவரப் புடிச்சுக்கிட்டுப் போனா நான் யார்கிட்ட போய்ப் பேசுவேன்? எனக்கு மலாயும் அரைகுறை" என்றாள். எங்கள் கும்பகோணத்தில் என்றால் வழக்கறிஞர் எவர், அவருக்கு வேண்டியவர் எவர் என்று எனக்குத் தெரியும். இங்கே காவல் நிலையம் எந்தத் திசையில் என்பதும் தெரியாது.

வியாழக்கிழமை விடிந்ததும் பட்டறையிலிருந்து ஓசை கேட்டு எழுந்து போனேன். சோமு எண் பொறிக்கும் உளிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, அட்டையில் உள்ள வரிசைப்படி பலகைமேல் அடுக்கியிருந்தான். பிள்ளை வாயிலில் நின்றார், உள்ளே வரவில்லை. அவர் கூறியதைச் சோமு திரும்பிப் பாராமலே மொழிபெயர்த்தான்: "பன்னிரண்டு வருஷம் கும்பிட்ட எடத்துல இரும்பு வெட்டுற வேலைக்கு அவரு வரமாட்டாராம். நான் செஞ்சா தடுக்கவும் மாட்டாராம். சேகு எழுதுனது ரொம்ப அழகா இருந்துச்சாம், அதனால வெட்டுறதும் அழகா இருக்கணுமாம்." கடைசி வாக்கியம் எனக்குரியது. பெற்றுக்கொண்டேன்.

அரைக்கும் எந்திரத்தைச் சோமு இயக்கினான். சட்டத்தருகே கொண்டுபோனான். நான், "சோமு" என்றேன். எந்திரத்தின் இரைச்சலில் அவன் அதைக் கேட்டிருக்க முடியாது. குனிந்து எண்ணைப் பார்த்தான். பிறகு எந்திரத்தை நிறுத்தினான்.

"இந்த நம்பர் ஒருத்தனோடது, அண்ணே. சப்பான்காரன் காடிய எடுத்துக்கிட்டுப் போறப்ப அவன் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருப்பான். இதையும் நான் அழிச்சுட்டா, அவனுக்குக் காடி இருந்துச்சுன்னே இல்லாம போயிரும்."

மெல்லிய தாளை எடுத்தான். இருந்த எண்ணின்மேல் வைத்தான். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம்வரை தேய்த்தான். பிள்ளை உள்ளே வந்து தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பண்டார் ஹிலிருக்கு மூவரும் முச்சக்கர வண்டி இரண்டில் போனோம். அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அலுவலரின் முன் சோமு அட்டையையும் தேய்த்த தாளையும் வைத்து, மலாயில் நடந்ததைக் கூறினான். அவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும் மணியை அடித்து ஏவலரிடம் ஏதோ கூறினார். சற்றுநேரத்தில் ஒரு காவலர் வந்து கதவருகே நின்றார். சோமுவின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய பதிவேடுகள் வந்தன. அலுவலர் தாமே விரலால் வரி வரியாகத் தேடினார். போருக்கு முந்தைய ஏடுகளில் சில ஆண்டுகள் இல்லை. இருப்பவற்றிலும் கறையான் தின்ற பகுதிகள். அந்த எண் எங்கும் அகப்படவில்லை. அட்டையின் எண் அகப்பட்டது. அதற்கு எதிரே, வண்டி போரில் எரிந்தது என்ற குறிப்பு இருந்தது.

ஏட்டை மூடிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த உறுதிமொழியை எழுதியவர் யார்?"

"நான்" என்று எழுந்தேன்.

"நேரில் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இவர் அப்படி உங்களிடம் சொன்னாரா?"

"இல்லை. அட்டையில் இருப்பதாகச் சொன்னார். நேரில் கண்டதாக எழுதியது நான். அந்தச் சொற்கள் வேண்டாம் என்றும் அவர் சொன்னார்."

"நீங்கள் கண்டீர்களா?"

"இல்லை."

"பிறகு ஏன்?"

வாக்கியத்துக்கு வலு வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேசையின் மறுபுறத்திலிருந்து ஒரு வெற்றுத்தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "இப்போது இங்கே அமர்ந்து எழுதுங்கள். தெரிந்தவை எவையோ அவை. தெரியாதவை எவையோ அவை. வேறெதுவும் வேண்டாம்."

என் வாழ்நாளில் அதைவிட எளிய ஆங்கிலம் எழுதியதில்லை. சட்டத்தில் இருக்கும் எண் இது. அட்டையில் இருக்கும் எண் இது. இரண்டும் வேறு என்பதை முந்தைய நாள்தான் கண்டோம். சட்டத்துக்கு முதலில் உரியவர் யார் என்று அறியோம். எவ்வாறு மாறியது என்று அறியோம். உடலைத் தட்டியதும் வண்டியைப் பூட்டியதும் எங்கள் வேலை. வண்டி ஒரு நகல். ஒன்பது வரிகளில் முடிந்தது. சோமு மீண்டும் கையை உயர்த்தினான். கீழே பிள்ளை சாட்சியாகத் தம் பெயரை எழுதினார்.

அலுவலர் முதல் உறுதிமொழியின் குறுக்கே கோடிட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பிரதியொன்று காவல் நிலையத்துக்குப் போகும் என்றார். உரியவர் எவரேனும் வந்தால் சோமு பதில் கூறவேண்டும். அதுவரை மலாக்காவை விட்டு வெளியேறும்போதெல்லாம் அறிவிக்கவேண்டும். "வண்டி போகலாம். நான் என் ஏட்டைப் பொறுத்தே சொல்கிறேன். கனடாவில் என்ன செய்வார்கள் என்பது என் வேலையன்று." கதவருகே நின்ற காவலர் எங்களுக்கு முன்னே வெளியேறினார்.

வெளியே வந்ததும் சோமு சாலையோர ஒட்டுக்கடையில் அமர்ந்து மூன்று கோப்பிகளுக்குச் சொன்னான். "மூத்திரம் வந்துருச்சு, அண்ணே, அந்தப் போலிஸ்காரனப் பாத்ததும்" என்றான். பிள்ளை, சொல் புரியாமலே, அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை துரை வந்தார். உயரமான, சிவந்த கழுத்துடைய மனிதர். புதிய உறுதிமொழியின் பிரதியை நின்றபடியே இருமுறை படித்தார். கிராணி அவர் பின்னே நின்று என்னைப் பாராமல் கூரையைப் பார்த்தார். "இதைப் படித்தால் அவர்கள் வண்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கக்கூடும்" என்றார் துரை. சோமு, "ஆமாம் துவான்" என்றான்; ஐயா என்பதற்கு மலாய்ச் சொல் அது. வண்டி வேண்டாம் என்று கூற அவருக்கு உரிமை இருந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். தோல்வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். எந்திரம் முதல் முயற்சியிலேயே பற்றிக்கொண்டது.

பிள்ளை சக்கரங்களுக்கடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி திருப்பத்தில் மறையும்வரை சோமு சாலையின் நடுவில் நின்றான். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் அதட்டிய பிறகே விலகினான்.

நான் ஊர் திரும்பி இதை எழுதும்போது ஓராண்டுக்கு மேலாகிறது. வண்டி சிங்கப்பூரில் கப்பலேறியது; அதற்கான சீட்டு சோமுவிடம் இருக்கிறது. கனடாவில் அதை இறக்கவிட்டார்களா, சாலையில் ஓட்ட அனுமதித்தார்களா என்பது தெரியாது. துரையிடமிருந்து கடிதம் வரவில்லை. வராததற்குக் காரணமும் தெரியாது. சோமு மாதத்துக்கு ஒருமுறை பண்டார் ஹிலிர் சென்று, எவரேனும் வந்தார்களா என்று கேட்டுவருகிறான். அந்தச் சட்டத்தின் எண்ணுக்கு உரியவர் யார், உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் தம் வண்டியை இன்னும் நினைக்கிறாரா என்பவை எங்களுக்குத் தெரியாது.